முக்காலியாய் நிற்கும் படம்

நாயகன் இறந்து 19 ஆண்டுகள் கழித்து ஒரு படம் திரைக்கு வந்தது. கதை தொடங்கும் முன்பே இயக்குநரின் குரல் கேட்கிறது. இரண்டே கால்களோடு கிடந்த நாற்காலிக்கு மூன்றாவது காலைப் பொருத்தியிருக்கிறேன், நான்காவது கால் என்றைக்கும் வராது, ஆனாலும் இது நிற்கும் என்ற பொருளில் அவர் பேசுகிறார். இயக்குநர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்லூய்சர். படம் 'டார்க் பிளட்'. மூன்று காலில் நிற்பதற்கு நம் மொழியில் முக்காலி என்று தனிப் பெயரே உண்டு. அதை யாரும் உடைந்த நாற்காலி என்று சொல்வதில்லை. பாதியில் நின்ற படங்களை முடிப்பவர்கள் இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் படத்தின் நாயகன் ரிவர் ஃபீனிக்ஸ் 1993 அக்டோபர் 31 அன்று போதை மருந்தால் இறந்தார். வயது 23. யூட்டா பாலைவனக் காட்சிகளை எடுத்து முடித்துவிட்டு, உள்ளரங்கக் காட்சிகளுக்காக லாஸ் ஏஞ்சலிஸ் வந்திருந்த நேரம் அது. படச்சுருள்கள் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயின. அவற்றை அழிக்கப் போகிறார்கள் என்று 1999-ல் தெரிந்ததும் ஸ்லூய்சர் எடுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றினார். 2007-ல் அவரே சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அதன் பிறகுதான் படத்தொகுப்பில் உட்கார்ந்தார். 2012-ல் நெதர்லாந்துத் திரைவிழாவில் படம் வெளிவந்தது.

எடுக்காத காட்சி வரும் இடத்தில் அவர் டூப் போடவில்லை. தன் குரலில் திரைக்கதையை வாசிக்கிறார். இதில் இழப்பு உண்டு. பாலைவனத்தில் தனியே வாழும், ஃபீனிக்ஸ் நடித்த இளைஞனுக்கும் வழியில் கார் பழுதாகி வந்து சேரும் பெண்ணுக்கும் இடையே வளரும் நெருக்கத்தில் ஒரு பகுதியைக் கேட்கத்தான் முடிகிறது, பார்க்க முடிவதில்லை. ஜூடி டேவிஸ் நடித்த அந்தப் பெண்ணின் மனமாற்றம் இதனால் நமக்கு அரைகுறையாகவே எட்டுகிறது. ஆனால் ஃபீனிக்ஸ் திரையில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் அவருடையதுதான் என்ற உறுதி நமக்கு இருக்கிறது. அவர் முகத்தைச் சந்தேகத்தோடு உற்றுப் பார்க்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாக, புரூஸ் லீயின் 'கேம் ஆஃப் டெத்' எனக்கு வலிக்கும் படம். 1972-ல் தானே இயக்கி அவர் எடுக்கத் தொடங்கிய படம் அது. ஐந்து மாடிப் பகோடா, மாடிக்கு ஒரு காவலன், காவலனுக்கு ஒரு சண்டைமுறை. உச்சி மாடியில் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார். 'என்டர் தி டிராகன்' வாய்ப்பு வந்ததும் இந்தப் படத்தை ஒதுக்கி வைத்தார். 1973 ஜூலை 20 அன்று 32 வயதில் இறந்தார். 1978-ல் ராபர்ட் குளௌஸ் வேறொரு கதையைக் கட்டிப் படத்தை முடித்தார். லீயின் சொந்தச் சண்டைக் காட்சிகள் அதில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். மீதியில் கறுப்புக் கண்ணாடியும் ஒட்டுத்தாடியும் போட்ட டூப்கள். ஓரிடத்தில் கண்ணாடி முன் அமர்ந்திருக்கும் டூப்பின் பிம்பத்தின் மேல் லீயின் அட்டை முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். உடல் அசைகிறது, முகம் அசையவில்லை. நாயகன் செத்ததாக நடிக்கும் காட்சிக்கு லீயின் உண்மையான இறுதி ஊர்வலப் படச்சுருளையே எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஒரு குடும்பத்தின் துக்கத்தைக் கதைக்குத் திருப்பமாக்கியதை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. மூலக்கதையில் லீயோடு இரண்டு தோழர்கள் பகோடா ஏறுகிறார்கள். புதிய கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை, வெட்டி எறிந்தார்கள். படத்தை முடிக்கிறோம் என்று சொல்லி, அவர் எடுத்து வைத்ததையும் சிதைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்தச் சுருள்கள் வெளிவந்து, லீ நினைத்த வரிசையில் முப்பது நிமிடத்துக்கு மேல் தொகுக்கப்பட்டபோதுதான், அவர் எதை நோக்கிப் போனார் என்பது உலகத்துக்குப் புரிந்தது. ஒன்றையும் மறுக்க மாட்டேன்: லீ இதில் அணிந்த மஞ்சள் உடை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது 1978 படத்தால்தான். சுருள் பெட்டிக்குள்ளேயே மக்கியிருந்தால் மீட்பதற்கும் எதுவும் மிஞ்சியிருக்காது. ஒரு படத்தில் நாயகனைத் தவிர எத்தனையோ பேரின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதும் உண்மை. முடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

தமிழிலும் முன்னுதாரணம் உண்டு. எம்.ஜி.ஆர். 1977-ல் முதல்வரானதும் நின்றுபோன, ஸ்ரீதரின் 'அண்ணா நீ என் தெய்வம்' காட்சிகளைக் கொண்டு, எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு 1990-ல் பாக்யராஜ் 'அவசர போலீஸ் 100' எடுத்தார். படத்தைத் தன் தோளில் சுமந்துகொண்டு, பழைய காட்சிகளுக்கு அதற்குள் ஓர் இடம் தேடினார். தெரிந்தே போட்ட ஒட்டு என்பதால் அதில் ஏமாற்று இல்லை.

இன்று அட்டை முகம் தேவையில்லை, கணினியே முகம் செய்துவிடும். 2021-ல் மறைந்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2024-ல் 'இந்தியன் 2'-வில் வந்தார்கள். கன்னடத்தில் மறைந்த புனித் ராஜ்குமார் டப்பிங் பேசாமலே விட்டுப்போன 'ஜேம்ஸ்' படத்துக்கு, அண்ணன் சிவராஜ்குமார் குரல் கொடுத்தார். பிறகு தொழில்நுட்பத்தால் புனித்தின் குரலையே உருவாக்கி இன்னொரு பிரதியும் வந்தது. ரசிகர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தம்பியின் வாயசைவுக்கு அண்ணன் பேசிய பிரதிதான் எனக்குப் பெரிது. அதில் ஓர் உயிருள்ள மனிதர் இல்லாதவரின் இடத்தில் நின்றார், நின்றதை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

நம் தயாரிப்பாளர்களிடம் கேட்பது இதுதான். இறந்தவர் நடித்தது எதுவரை என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள். அவருக்காக நின்ற டூப்பின் பெயரையும் பேசியவரின் பெயரையும் டைட்டிலில் போடுங்கள். அவர் நடித்த காட்சிகளில் ஒரு பிரதியை வெட்டாமல், ஒட்டாமல், அப்படியே பாதுகாத்து வையுங்கள்.