வகுப்பறையும் விடுதியும்: சகோதரி சுப்பலட்சுமி வரலாற்றெழுத்தில் ‘ஆசிரியர்’ என்னும் ஆளுமை

ஆய்வுச் சுருக்கம்

மயிலாப்பூரில் பிறந்து சென்னையின் பெண்கல்வி வரலாற்றில் நிலைத்த இடம்பெற்ற ஆர்.எஸ். சுப்பலட்சுமி (1886–1969) குறித்த எழுத்துகள் அவரை ‘இளம் விதவை’, ‘சேவகி’ ஆகிய இரு சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றன. இவற்றுக்கிடையே நழுவிப்போகும் ஆசிரியத் தொழில்சார் ஆளுமையை, மோனிகா ஃபெல்டன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆசிரியர், விதவை, விடுதி, சேவை, மயிலாப்பூர், வாழ்க்கை வரலாறு

முன்னுரை

ஆசிரியரின் வாழ்வை வகுப்பறைக்கு உள், வெளி எனப் பிரித்துப் பார்ப்பது தமிழ்ப் புனைவுக்குப் பழக்கமான ஒன்று. தி. ஜானகிராமனின் ‘முள்முடி’ சிறுகதை இதற்குச் சிறந்த சான்று. மாணவரை ஒருநாளும் அடித்ததில்லை என்ற நிறைவோடு ஓய்வுபெறும் அனுகூலசாமி ஊர்வல மரியாதையுடன் வீடு திரும்புகிறார். திருடிய மாணவனோடு எவரும் பேசவேண்டாம் என்று வகுப்பில் அவர் சொல்லிவிட்ட சொல், அவனுடைய தாயின் வடிவில் வீட்டுக்கே வந்து நிற்கிறது. பள்ளியில் தோன்றாத குற்றவுணர்வு வீட்டில் தோன்றுகிறது. பள்ளி வேறு, வீடு வேறு என்னும் இந்த இடைவெளிதான் கதையை நடத்துகிறது. சென்னைக்கு வந்து வானொலியின் கல்வி ஒலிபரப்பில் பணியேற்கும் முன் பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஜானகிராமன் என்பதும் நினைக்கத்தக்கது.

ஆனால், இந்த இடைவெளி எல்லா ஆசிரியருக்கும் வாய்த்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆசிரியப் பணி ஏற்ற பெண்களுள் பலருக்கு, வகுப்பு முடிந்து திரும்புவதற்குத் தனியே ஒரு வீடு இருந்ததா என்பதே முதல் கேள்வி. சுப்பலட்சுமியின் வாழ்வு அக்கேள்வியிலிருந்து வாசிக்கப்பட வேண்டியது.

நூலின் தலைப்பு

மோனிகா ஃபெல்டனின் ‘ஏ சைல்ட் விடோஸ் ஸ்டோரி’ 1966இல் வெளிவந்தது. அப்போது சுப்பலட்சுமி உயிருடன் இருந்தார். வயது எண்பதை எட்டியிருந்தது. முதுமையில் அவருடன் நிகழ்த்திய உரையாடல்களே நூலுக்கு அடித்தளம். பதினோரு வயதளவில் மணம் முடித்து, சிறிது காலத்திலேயே கணவனை இழந்த ஒரு சிறுமியின் கதை என்று தலைப்பு அறிவிக்கிறது.

அச்சிறுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று குறிக்கப்படுகிறார். அடுத்த ஆண்டு சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. 1922இல் தொடங்கப்பெற்ற லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் அதனுடன் இணைந்த பயிற்சிப் பள்ளிக்கும் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். 1942இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையம், 1956இல் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் வழியே வித்யா மந்திர் என, எழுபது வயதிலும் பள்ளி தொடங்கும் வேலை ஓயவில்லை. இத்தனைக்குப் பிறகும் தலைப்பில் எஞ்சியிருப்பது கணவனின் மரணம் மட்டுமே. ஐம்பது ஆண்டுக்கால உழைப்பைவிட ஒரு சிறுவயது இழப்பு விற்பனைக்கு உகந்ததென ஆங்கிலப் பதிப்புலகம் கருதியிருக்கலாம். ஆயினும் தமிழில் அவரைப் பற்றிப் பேசுவோரும் அத்தலைப்பின் பாதையிலேயே நடப்பதற்கு அக்காரணம் பொருந்தாது.

தலைப்பை விட்டு நூலாசிரியரை நோக்கும்போது வேறொன்று புலப்படுகிறது. ஃபெல்டன் பிரிட்டனில் ஸ்டீவனேஜ் புதுநகர் வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்தவர். கொரியப் போரின்போது வடகொரியா சென்றுவந்ததை அடுத்து, 1951இல் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் சென்னையில் குடியேறி, இராஜாஜியைச் சந்தித்த அனுபவங்களையும் நூலாக்கினார். அலுவலகத்துக்கு வெளியே செய்த செயலுக்காக அலுவலகத்தை இழந்தவர் அவர். அவர் எழுத முனைந்த சுப்பலட்சுமியோ, அரசுப் பணியில் இருந்தமையால் இந்திய மாதர் சங்கத்தில் முறைப்படி உறுப்பினராகாமல் ஒதுங்கி நின்றவர். அதே வேளையில் குழந்தைமணம் குறித்து விசாரித்த ஜோஷி குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக உயர்த்திய சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஓர் அரசு ஆசிரியர் எங்கே பேசலாம், எங்கே பெயரைக் கொடுக்கலாகாது என்ற கணக்கை அவர் நுட்பமாக அறிந்திருந்தார். இதைத் துணிவின்மை என்றோ தன்னடக்கம் என்றோ சொல்வது எளிது. பணிவிதிகளுக்குள் வாழும் ஆசிரியர் எவரும் இதில் தம் தொழிலின் இயல்பை அடையாளம் காண்பர். நூலாசிரியரும் நூலின் நாயகியும் பொதுவாகக் கொண்டிருந்த இந்த நெருக்கடியே நூலின் மையமாகியிருக்க வேண்டும். விதவைத் துயரின் கதை முன்னால் வந்ததால் அது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

‘சிஸ்டர்’ என்னும் விளி

சுப்பலட்சுமி கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றவர். அவருக்கு நிலைத்துவிட்ட ‘சிஸ்டர்’ என்னும் விளி அம்மரபை நினைவூட்டுகிறது. மணவாழ்வைத் துறந்த கன்னியரே பெண் ஆசிரியர்க்கு முன்மாதிரியாக இருந்த நகரில், மணவாழ்வு மறுக்கப்பட்ட விதவை அந்த இடத்தில் பொருத்தப்பட்டார். துறவு அவரவர் தேர்வு. கைம்மை பிறர் விதித்தது. இரண்டையும் ஒரே விளி மூடிவிட்டது. குடும்பம் இல்லாத பெண்ணே முழுமையான ஆசிரியர் என்னும் எண்ணம் இப்படித்தான் மயிலாப்பூர் நடுத்தரக் குடும்பங்களிலும் மரியாதைக்குரியதாயிற்று.

விடுதி இங்கே முதன்மை பெறுகிறது. சில இளம் விதவையருடன் தந்தையின் வீட்டில் தொடங்கிய ஏற்பாடு, பின்னர் மெரீனாக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பெரிய விடுதியாக வளர்ந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம் அது. விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. அங்கே தங்கிய பெண்கள் படித்து ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளிகளுக்குச் செல்லவேண்டும் என்பதே திட்டம். கற்பித்தவரும் விடுதியைக் காத்தவரும் ஒருவரே ஆகும்போது, அனுகூலசாமிக்குக் கிடைத்த வீட்டுத் திண்ணை இவருக்குக் கிடைப்பதில்லை. மாணவியின் பாடக்குறை, காய்ச்சல், உறவினரின் கடிதம் யாவும் ஒரே மேசைக்கு வந்து சேரும். ஆசிரியரின் தனி ஆளுமையை வகுப்பறைக்கு வெளியே தேடும் வாழ்க்கை வரலாற்றாசிரியர் இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. தேடவேண்டிய ‘வெளி’யே அங்கு இல்லை.

விடுதியின் வாயில்

புகழுரைகள் விரைந்து கடந்துசெல்லும் ஓரிடம் உண்டு. அவ்விடுதி பிராமண விதவையர்க்கானது. பெயரிலேயே அது வெளிப்படை. ஆசாரக் குடும்பங்கள் வேறு எவ்வகையிலும் பெண்களை அனுப்பியிரா என்ற விளக்கம் நடைமுறை அளவில் ஏற்கத்தக்கதே. ஆனால் அதே நகரில் 1930இல் நிகழ்ந்ததையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வந்த சிறுமியரை நகர விடுதிகள் ஏற்க மறுத்தபோது, முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அடையாற்றில் நிலைபெற்ற அவ்வை இல்லம் அதிலிருந்து பிறந்தது. ஆசிரியரின் ஆளுமை பாடம் நடத்தும் திறத்தில் மட்டும் வெளிப்படுவதில்லை. யாருக்கு வாயில் திறக்கிறார் என்பதிலும் வெளிப்படுகிறது. சுப்பலட்சுமியின் வாயில் ஒரு சாராருக்கே அகலத் திறந்தது. இதைச் சொல்வதால் அவர் பெருமை குன்றும் என்னும் அச்சம் ஆய்வாளர்க்கு வேண்டியதில்லை. அவரைப் புனிதராக்கிவிட்டால்தான் இக்கேள்வியைக் கேட்க முடியாமற்போகும்.

‘சேவை’ என்னும் சொல்

அவரைக் குறித்த தமிழ் நினைவுரைகளில் மிகுதியும் பயிலும் சொல் ‘சேவை’. அரசு ஊதியம், பதவி உயர்வு, ஆய்வாளருக்கு அனுப்பும் அறிக்கை, தேர்வு முடிவு, பயிற்சி மாணவியரின் பாடக்குறிப்பைத் திருத்துதல் என்று தொழிலின் உடல் முழுவதும் இச்சொல்லுக்குள் மறைந்துபோகிறது. ஆண் தலைமையாசிரியர் ஒருவரைப் பற்றிய மலரில் நிருவாகத் திறன், பாடப் புலமை, கண்டிப்பு ஆகியவை பேசப்படும். பெண்ணாயின் தியாகம் பேசப்படும். இன்றைக்கும் தனியார் பள்ளி ஆசிரியையின் ஊதியம் பற்றிப் பேச்செடுத்தால் ‘புனிதத் தொழில்’ என்பது முந்திக்கொண்டு வருவதைக் காணலாம். இச்சொல்லாட்சியின் தொடக்கங்களுள் ஒன்று ஐஸ் ஹவுஸைச் சுற்றி எழுந்த புகழுரைகளில் உள்ளது எனக் கருத இடமுண்டு.

அவர் தோற்றுவித்த சாரதா வித்யாலயா 1938இல் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு மாறி, தியாகராய நகரில் தொடர்ந்தது. பின்னாளில் அவர் சட்ட மேலவை உறுப்பினரானார்; 1958இல் பத்மஸ்ரீ பெற்றார். இவை யாவும் பதிவாகியுள்ளன. பதிவாகாதவர்கள், அவ்விடுதியில் பயின்று மாகாணத்தின் ஊர்களுக்கு ஆசிரியராகச் சென்ற பெண்கள். சுப்பலட்சுமிக்காவது ஒரு ஃபெல்டன் வாய்த்தார். அப்பெண்களைத் தேடுவோர் வாழ்க்கை வரலாறுகளை ஒருபுறம் வைத்துவிட்டுப் பள்ளிகளின் நியமனப் பதிவேடுகள், ஊதியப் பட்டியல்கள், பணிமாற்ற ஆணைகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கவேண்டும். அவற்றில் அவர்கள் விதவையராகவோ சேவகியராகவோ இரார், பெயரும் பாடமும் சம்பளமும் உள்ள ஆசிரியர்களாக இருப்பர்.