துடுப்பு யார் கையில்?

படகில் ஏறிக் கழிமுகங்களையும் அலையாத்திக் காடுகளையும் சுற்றிவருவது இன்று சாகசமாகக் கொண்டாடப்படுகிறது. பிச்சாவரத்தில் துடுப்புப் படகோடு கயாக்கும் வந்துவிட்டது. இப்பயணங்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் இடத்தைக் கண்டடைபவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர். அந்தத் தண்ணீரிலேயே பிழைப்பவர் வழிகாட்டியாகவோ வேடிக்கைப் பொருளாகவோ ஓரத்தில் நிற்பார். அவர் பெண்ணாக இருந்துவிட்டால் அந்த ஓரமும் சுருங்கிப்போகும். நம் நாவல்கள் இதற்கு விலக்கா என்று பார்க்க இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

படகுக்காரி என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவில் எழுபவள் பூங்குழலி. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் கோடிக்கரைச் சதுப்பும் கடலும் அவளுக்கு அத்துப்படி. சேற்றில் சிக்கிய வந்தியத்தேவனைக் கரையேற்றுகிறாள். இலங்கைக்கு அவனைப் படகில் கொண்டுசேர்க்கிறாள். ஆனாலும் பயணம் அவனுடையது. கொண்டுபோகும் ஓலையும் அவனுடையது. அவளுடைய தேர்ச்சிக்குக் கல்கி சூட்டும் பெயர் 'சமுத்திர குமாரி'. கடலுக்கே மகளாகிவிட்டால் துடுப்புப் பிடிக்கக் கற்ற நாட்களையும் காய்த்துப்போன உள்ளங்கையையும் எழுத வேண்டியதில்லை. முடிவில் சேந்தன் அமுதனை மணந்து அவள் அரசியாகிறாள். வாசகர்களாகிய நாமும் மகிழ்கிறோம். நீரை அத்தனை அறிந்த ஒருத்திக்கு, அந்த அறிவு இனி எதற்கும் பயன்படாத அரண்மனைதான் பரிசு.

திருநெல்வேலிக்காரியான எனக்கு நெருக்கமானது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977). தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே உள்ள மணப்பாடுதான் அதன் களம். வல்லத்தை விற்பதா வேண்டாமா என்று தகப்பன் குரூஸ் மிக்கேலுக்கும் மகன் செபஸ்திக்கும் வழக்கு. மகள் பிலோமியிடம் அதுபற்றி யார் கேட்கப்போகிறார்கள்? காதலை இழந்தும் கசந்துபோகாத அவளை வண்ணநிலவன் பரிவோடு எழுதுகிறார். ஆனால் கடல் அவளுக்குக் கரையில் நின்று பார்க்கிற ஒன்று. இதை நாவலின் குறையாக நான் சொல்லமாட்டேன். வல்லம் ஆணின் சொத்து, கடல் ஆணின் வெளி என்ற நடப்பை அது பூசி மெழுகவில்லை. பூங்குழலி என்னும் அழகான கனவு மறைப்பதைப் பிலோமியின் கரை காட்டிக்கொடுக்கிறது.

இந்த இருவருக்கும் அப்பால் ஒரு பெண் இருக்கிறாள். பிச்சாவரத்துக் கழிகளில் இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி, வேரிடுக்குகளில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், எந்தச் சேற்றில் கால் வைக்கலாம் என்பதை உடம்பால் படித்தவர்கள். அவர்களை யாரும் சமுத்திர குமாரி என்று அழைப்பதில்லை. சாகசக்காரர் என்றும் சொல்வதில்லை. வாய் பறியைக் கடித்திருக்கையில் பேசவும் முடியாது.

பெண்கள் கயாக் ஏறித் துடுப்புப் போடுவதை நான் வரவேற்கிறேன். காசும் ஓய்வும் உள்ள பெண்ணுக்கு அது உண்மையான விடுதலைதான். ஆனால் படகில் போகிறவளின் கண் மட்டும் அலையாத்தியை எழுதினால், வந்தியத்தேவனின் இடத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்ததோடு வேலை முடிந்துவிடும். கழுத்தளவு நீரில் நிற்கிறவளின் கண்ணுக்கு அந்தப் படகு எப்படித் தெரிகிறது? நம் இலக்கியம் எழுத வேண்டிய பயணம் அங்கே தொடங்குகிறது.