சென்னை ஓவியக் கண்காட்சியும் ரவிவர்மா விவாதமும்

சென்னையில் 1873-ல் நடைபெற்ற நுண்கலைக் கண்காட்சியில் திருவிதாங்கூர் ஓவியர் ராஜா ரவிவர்மா (1848–1906) ஆளுநரின் தங்கப்பதக்கத்தைப் பெற்றார். பரிசு பெற்றது, கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணைக் காட்டும் தைலவண்ண ஓவியம். அவ்வாண்டே வியன்னா உலகக் கண்காட்சியிலும் அது பாராட்டுப் பெற்றது. இந்தக் கண்காட்சிப் பரிசுகள் உருவாக்கிய புகழும், அதற்கு எதிராக எழுந்த விமர்சனங்களும் இந்தியக் கலை விமர்சனத்தின் முதல் பெரிய விவாதங்களில் ஒன்றாக அமைந்தன.

பரிசுகள்

1874-ல் இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணின் ஓவியத்துக்கு ரவிவர்மா மீண்டும் சென்னையில் தங்கப்பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அந்த ஓவியம் பரிசளிக்கப்பட்டது. துஷ்யந்தனுக்குச் சகுந்தலை மடல் எழுதும் ஓவியத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு விலைக்கு வாங்கினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்ட பத்து ஓவியங்களும் பரிசு பெற்றன. அங்குள்ள நடுவர்கள் அவற்றைப் பாராட்டியது இனவரைவியல் மதிப்புக்காக. பல சமூகத்துப் பெண்களின் முகச்சாயலும் உடையும் புழங்குபொருட்களும் நுணுக்கமாகப் பதிவாகியிருப்பதே அவர்கள் கண்ட சிறப்பு.

திருச்சிராப்பள்ளியின் மைக்கா ஓவியங்கள்

சிகாகோ நடுவர்களின் இந்தப் பார்வை திருச்சிராப்பள்ளிக்குப் புதிதல்ல. காக்காப்பொன் எனப்படும் மைக்காத் தகட்டில் சாதிகள், தொழில்கள், உடைகள், தெய்வங்கள் ஆகியவற்றை வரைந்து ஐரோப்பியருக்கு விற்ற ஓவியர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் இருந்தனர். வாங்கியவர்கள் அவற்றை ஊர் நினைவுப்பொருளாகக் கொண்டுசென்றனர். வரைந்தவர்களின் பெயர் பெரும்பாலும் பதிவாகவில்லை. ரவிவர்மாவுக்குப் பெயரும் பதக்கமும் கிடைத்தன. ஆனால் சிகாகோவில் அவருடைய ஓவியங்களைப் பார்த்த கண், மைக்காத் தகட்டைப் பார்த்த அதே கண்தான்.

விமர்சனங்கள்

எதிர்ப்பு சுதேசி இயக்கக் காலத்தில் வலுத்தது. கொழும்பில் பிறந்தவரும் தமிழ்த் தந்தையின் மகனுமான ஆனந்த குமாரசுவாமி, 1907-ல் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில், ரவிவர்மாவின் புராண ஓவியங்களில் நாடகத்தன்மை மிகுந்துள்ளது, இந்திய உணர்வு இல்லை என்று எழுதினார். சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக முன்பு பணியாற்றிய ஈ.பி. ஹாவெல், அவரிடம் கவித்துவம் இல்லை என்றார். சகுந்தலை தரையில் படுத்தபடி மடல் எழுதுவது நாகரிகமன்று என்பது சகோதரி நிவேதிதையின் கண்டனம்.

மதிப்பீடு

இவற்றுள் குமாரசுவாமியின் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. புராணக் காட்சிகளில் பாத்திரங்கள் மேடையில் நிற்பவர்களைப் போலவே நிற்கிறார்கள். நிவேதிதையின் கண்டனம் ஓவியத்தைப் பற்றியதல்ல, பெண்ணின் நடத்தையைப் பற்றியது. ‘இந்தியத்தன்மை இல்லை’ என்பதும் தனியே ஓர் அளவுகோலாக நிற்க முடியாது. சிகாகோ நடுவர் ஓவியத்தில் இந்திய உடையைத் தேடினார். தேசியவாதி இந்திய ஆன்மாவைத் தேடினார். இருவருக்கும் ஓவியம் ஒரு சான்றுப்பொருளாகவே இருந்தது.

சிகாகோவுக்குச் சென்ற ‘அதோ அப்பா வருகிறார்’ ஓவியத்தைப் பார்த்தால் இது விளங்கும். குழந்தையை ஏந்திய தாய் படச்சட்டத்துக்கு வெளியே பார்க்கிறாள். தந்தை காட்டப்படவில்லை. ரவிவர்மா தம் மகளையே மாதிரியாகக் கொண்டு வரைந்தது இது. தாய்வழிக் குடும்பங்களில் தந்தையின் இடம் என்ன என்ற கேள்வி கேரளத்தில் சூடாக விவாதிக்கப்பட்ட காலம் அது. 1896-ல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. வராத தந்தையை மையமாக வைத்த அந்த ஓவியத்தில் உடையை மட்டும் கண்டவர் அதன் பொருளைத் தவறவிட்டார். அயல்நாட்டுப் பாணி என்று ஒதுக்கியவரும் அதையே தவறவிட்டார்.

1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் வழியே ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுப் பூசையறைகளுக்கு வந்து சேர்ந்தனர். அந்தப் படங்களைப் பரவலாக வாங்கியவர்கள் பதக்கத்தையோ கண்டனத்தையோ கேட்டு வாங்கவில்லை. அவர்கள் அவற்றில் எதைக் கண்டார்கள் என்பதையும், திருச்சியின் பெயரறியா ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதும்போதே இவ்விவாதம் முழுமை பெறும்.