எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. டீ வரும், பிறகு ஒவ்வொருவரும் தான் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் யாரும் படித்துக்கொண்டிருப்பவராகப் பேசுவதில்லை. படித்து முடித்து, புத்தகத்தை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பேசுகிற தோரணைதான். நானும் அப்படித்தான் பேசிவந்தேன்.

சென்ற மாதம் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' பற்றிப் பேசினேன். நாவல் 1994இல் வந்தது. அப்போது எனக்கு அரிச்சுவடி தெரியாது. ஆனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அதைப் பற்றிய அபிப்பிராயம் என்னிடம் தயாராக இருந்தது. காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் மேல்கீழை எழுதுவது யாருக்கு உதவும் என்று அன்றைக்கு நடந்த சண்டையைப் பழைய இதழ்களில் படித்திருந்தேன். இரண்டு தரப்பு வாதமும் எனக்கு மனப்பாடம். நாவலில் பாதியைத்தான் தாண்டியிருந்தேன். "ஆரோக்கியத்தின் புலம்பல் நாவலையே விழுங்கிவிடுகிறது. துயரத்தை அழகியலாக்கும் கதையாடல் இது" என்று ஒரே போடாகப் போட்டேன்.

புதிதாக வந்திருந்த ஒரு தம்பி கேட்டார்: "நீங்க எந்தப் பக்கத்துல இருக்கீங்க தோழர்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, என் அரசியல் நிலைப்பாட்டை விளக்க ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார். "அதில்ல தோழர். புத்தகத்துல எந்தப் பக்கம்னு கேட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எங்க ஆயா ராத்திரியில வீடு வீடாப் போயி சோறு வாங்கியாந்திருக்கு. நாவல்ல அந்த எடத்தத் தாண்டிட்டீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

தாண்டியிருந்தேன். தாண்டியது ஞாபகத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து முதலிலிருந்து தொடங்கினேன். புலம்பல் என்று நான் ஒதுக்கியதில் பாதி கணக்கு. எந்த வீட்டில் எவ்வளவு போட்டார்கள், களத்தில் யார் கை சுருங்கியது, யார் வீட்டுப் பிரசவத்துக்கும் சாவுக்கும் தான் ஓடினோம் என்ற கணக்கு. ஆரோக்கியத்தின் கூலிக்கு ஏடு கிடையாது, ரசீது கிடையாது. வாய்தான் நோட்டுப் புத்தகம். அந்த வாயை மூடச் சொல்வதும் கணக்கைக் கிழிப்பதும் ஒன்றுதான் என்று இப்போது படுகிறது. அவளுக்குக் குறைத்துப் போடுகிற கையும் கூலிக்கைதான், அதுவும் வற்றிய கை. நாவல் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. நானோ பழைய சண்டையில் ஏதாவது ஒரு தரப்பில் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் படித்திருக்கிறேன்.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது? எனக்குத் தமிழ் எம்.ஏ. கற்றுக்கொடுத்தது என்றுதான் சொல்வேன். 'திறனாய்க' என்று வினா வரும். நாவலைப் படிக்காமல் கைடைப் படித்து எழுதி முதல் வகுப்பு வாங்கினேன். முடிந்துபோன கருத்துதான் கருத்து என்பது அங்கே பழகியது. நடுவில் தடுமாறுகிற வாசிப்புக்கு மதிப்பெண் கிடையாதே.

பாதிப் படிப்பு ஆபத்தில்லையா என்று கேட்கலாம். திருச்செங்கோட்டில் நடந்தது தெரிந்ததுதான். 2010இல் வந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து 2014 கடைசியில் விநியோகித்தார்கள். 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. (பார்த் 1967இல் எழுதிய 'ஆசிரியனின் மரணம்' பற்றி வகுப்பில் குறிப்பு எழுதிக்கொண்ட எங்களுக்கு அந்தத் தொடர் அதற்குப் பிறகு பழையபடி ஒலிக்கவில்லை.) 2016 ஜூலையில்தான் சென்னை உயர்நீதிமன்றம் நாவலைத் தடை செய்ய மறுத்தது. அங்கே நடந்த அநியாயம் சில பக்கம் படித்தது அல்ல. சில பக்கத்தையே முழு நாவல் என்று ஊருக்குக் காட்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாவலுக்கு ஆதரவாக அப்போது நாங்களும் ஒரு கண்டனக் கூட்டம் போட்டோம். நான் காரசாரமாகப் பேசினேன். நாவலை அதற்கு அடுத்த வாரம்தான் முடித்தேன். கருத்துரிமைக்குக் குரல் கொடுக்க நாவலை முடித்திருக்க வேண்டியதில்லைதான். ஆனால் நான் பேசியது கருத்துரிமையோடு நிற்கவில்லை. நாவலின் 'பன்முகத் தன்மை' பற்றியும் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். யாரும் பக்கம் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்திலிருந்து பக்க எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசலாம் என்றேன். "என்னங்க இது, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி" என்றார் ஒரு நண்பர். மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள், அரைமனதாக.

மேரிக்குச் சடையன் செய்கிற கொடுமை வரும் இடத்தில் இப்போது நிற்கிறேன். முதல் தடவை இதையும் வேகமாகக் கடந்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு நாளாகப் பக்கம் திருப்பவில்லை. அந்தத் தம்பி அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் என்ன படித்துக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.