எழுத்தாகக் குறுகும் பேச்சு: திருத்துதலின் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

இரண்டாம் மொழியில் எழுதுகிறவரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வியை ஆங்கில வகுப்பறையின் பிரச்சினையாக நாம் ஒதுக்கிவிடுகிறோம். தமிழ் பேசுகிற எவருக்கும் எழுத்துத் தமிழ் 'தாய்மொழி' என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். இந்த நம்பிக்கை யாருக்கு வசதியானது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே சமூகத்தில் பேச்சும் எழுத்தும் தனித்தனி வேலைகளுக்கெனப் பிரிந்து கிடப்பதை 1959இல் ஃபெர்குசன் 'இரட்டை வழக்கு' என்று விவரித்தார். வீட்டிலும் காட்டிலும் ஒன்று, ஆபீசிலும் பாடப்புத்தகத்திலும் இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பள்ளிக்கூடத்தில் மட்டுமே கற்க முடியும் என்றால், பெற்றோர் பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழியேதான்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இது பளிச்சென்று தெரிகிறது. அங்கே வாழும் பழங்குடியினர் மலையாளிகள். பெயரை வைத்துக் கேரளத்துக்குப் போய்விட வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்பதுதான் பொருள், பேசுவது தமிழ். ஆனால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிற பாடப்புத்தகத் தமிழ் அவர்களுடைய தமிழ் இல்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த இடைவெளியைப் பிழைப்பின் பிரச்சினையாக்கியது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினர் கிராம சபையிடம் உரிமை கோரலாம். 2008 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட விதிகள் எதெல்லாம் சான்று என்று சொல்கின்றன. அரசு ஆவணங்கள் மட்டுமல்ல; வீடு, குடிசை, சமன்படுத்திய நிலம், வரப்பு, தடுப்பணை, இடுகாடு இவையும் சான்றுகளே. கூடவே, உரிமை கோருபவர் அல்லாத மூத்தோரின் கூற்று, எழுத்து வடிவில். ஆங்கில மூலத்தில் இந்த இடத்தில் வரும் வினைச்சொல்லுக்குக் குறுக்குதல் என்றும் பொருள் உண்டு. பேச்சை எழுத்தாகக் 'குறுக்க' வேண்டும்! சட்டம் தன்னையறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

அப்படி ஒரு குறுக்கலை அருகிலிருந்து பார்க்க எனக்கு வாய்த்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், பக்கத்துக் காட்டுக்காரருக்காகத் தன் தாத்தா சொன்னதை எழுதிக்கொண்டிருந்தார். முதல் பிரதி இப்படி இருந்தது: 'அவங்கப்பன் கல்லு பொறுக்கி வரப்புக் கட்டுனப்ப நானும் கூடமாட இருந்தேன். எனக்கு அப்ப மீசை மொளைக்கல. அந்தப் பலா அவன் அண்ணன் பொறந்த வருசம் வெச்சது. இப்ப ரெண்டு ஆளு சேந்து கட்டிப் புடிக்கணும்.'

மூன்றாவது பிரதி: 'மேற்படி நிலமானது மேற்படியாரின் குடும்பத்தாரால் தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கப்பட்டு வருகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

பிழையே இல்லை. பலாவும் இல்லை, வரப்பும் இல்லை, கண்ணால் பார்த்த ஆளும் இல்லை. சட்டம் எதைச் சான்றாகக் கேட்டதோ அதெல்லாம் அடித்தலுக்குள் போய்விட்டது. சட்டம் கேட்காத பணிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்த இழப்பு நிகழ்ந்த விதம் முக்கியம். எழுதும்போது அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. தாத்தாவின் வாக்கியத்தைத் தாத்தாவின் குரலிலேயே முனகிப் பார்க்கிறார். 'கூடமாட' என்ற இடத்தில் பேனா நிற்கிறது. 'உடனிருந்து' என்று எழுதி அடிக்கிறார். 'உதவியாக' என்று எழுதி அதையும் அடிக்கிறார். கடைசியில் வாக்கியமே போகிறது. சொல் கிடைக்காதபோது சொல்ல வந்த விஷயமே கைவிடப்படுகிறது. 1974இல் ஷாக்டர் என்ற மொழியியலாளர் இதைத்தான் 'தவிர்ப்பு' என்றார். சீன, ஜப்பானிய மாணவர்கள் ஆங்கிலத்தில் கடினமான ஒரு வாக்கிய அமைப்பில் குறைவாகவே பிழை செய்தார்கள். காரணம், அந்த அமைப்பையே அவர்கள் அதிகம் எடுக்கவில்லை. பிழைகளை எண்ணுகிற ஆசிரியருக்கு இந்த மௌனம் கண்ணில் படாது.

வைகாட்ஸ்கியின் 'அகப்பேச்சு' பற்றிய விளக்கம் இங்கே உதவுகிறது. மனதுக்குள் பேசும்போது எழுவாய் உதிர்ந்துவிடும். யாரைப் பற்றி, எந்த இடத்தைப் பற்றி என்பது நமக்கே தெரியும். எழுத்தோ எதிரில் இல்லாத ஒருவருக்காக எல்லாவற்றையும் விரித்தாக வேண்டும். ஆனால் எதிரில் இல்லாத அந்த வாசகர் அதிகாரியாக இருந்தால், விரிய வேண்டிய பேச்சு விரிவதற்கு முன்பே மொழிச்சோதனைக்கு உட்படுகிறது. 1983இல் ஸாமெல் இரண்டாம் மொழியில் எழுதும் மாணவர்களைக் கவனித்துச் சொன்னதும் இதையொட்டியதே: தேர்ந்தவர்கள் கருத்தைத் தேடிக்கொண்டே திருத்துகிறார்கள், மொழிப் பிழையைப் பிற்பாடு பார்த்துக்கொள்கிறார்கள். நம் பள்ளிக்கூடம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது.

இதற்கு மாற்றாகப் 'பேச்சே உண்மை, எழுத்து வன்முறை' என்று சுலபமாக முடித்துவிட முடியாது. அந்தப் பெண்ணே சொன்னார்: 'இப்படியே குடுத்தா மதிக்க மாட்டாங்கண்ணா.' அவர் சொன்னது சரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1993இல் எழுதிய ஆய்வில் இதே இரட்டைநிலை வருகிறது. மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் சினிமாப் பாட்டும் அரசியல் கோஷமுமாகக் கிறுக்குகிறார்கள். அதே மாணவர்கள் பரீட்சைக்கான இலக்கணத்தையும் கேட்டு வாங்குகிறார்கள். எதிர்ப்பும் தேவையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

இலக்கியத்தில் இந்த விவாதம் தீர்ந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்த பிறகு, பேச்சுமொழியில் எழுதலாமா என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் அந்த உரிமையை நாவலுக்கும் தன்வரலாற்றுக்கும் கொடுத்துவிட்டு மனுவுக்கு மறுக்கிறோம். களப்பணி நண்பர்கள் மாதிரிப் படிவம் அடித்துக் கொடுத்துப் பெயரை மட்டும் நிரப்பச் சொல்வது இந்த மறுப்பின் இன்னொரு முகம்தான். இருபது மனுவிலும் ஒரே வாக்கியம் இருந்தால், 'எல்லாம் ஒரே ஆள் எழுதுனது' என்று ஒதுக்குவதற்கு நாமே வழிசெய்து கொடுக்கிறோம். இவ்வளவுக்கும் 'பிரதி', 'சொல்லாடல்' என்று எழுதுகிற நம்முடைய தமிழும் யாருடைய வீட்டிலும் பேசப்படுவதில்லை. நாமும் இரண்டாம் மொழிக்காரர்களே. நமக்குக் கிடைக்கிற அவகாசம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் பிரதியைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். கேட்டுவிட்டு, 'இது யாரு சொன்னது?' என்றார். அதற்குப் பிறகு வந்த நான்காம் பிரதியில் மேலே ஒரு 'ஐயா', கீழே ஒரு 'பணிவுடன்'. நடுவில் வரப்பு, மீசை, பலா எல்லாம் திரும்பி வந்திருந்தன. 'கூடமாட' அப்படியே இருந்தது. மனு எழுத உட்காரும் நண்பர்கள் திருத்துகிற பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கலாம். எழுத்துப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொன்னவருக்கே முதலில் படித்துக் காட்டி, அவர் சொன்னதில் எது விட்டுப்போயிற்று என்று கேட்க வேண்டும்.