முட்டைக்கு ஏது மூலை?

புது ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தால் முதலில் எடையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. மூக்கை உள்ளே விட்டு வாசனை பிடிப்பவர்களும் உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு பொட்டைத் தடவுவேன். காதுக்குச் சற்று மேலே, கண்ணாடியின் அச்சு வந்து உட்காரும் இடம். அங்கே விரல் இடறினால் அந்த ஹெல்மெட்டோடு எனக்குப் பேச்சு முடிந்தது.

அராய் கம்பெனியின் ஆர்எக்ஸ்-7எக்ஸ் ஹெல்மெட்டில் இடறாது. அதற்கு முந்தைய அராய்களில் அந்த இடத்தில் லேசாக ஒரு தட்டை இருக்கும். கண்ணாடியின் பொறிக்கு இடம் விட ஷெல், அதாவது வெளி ஓடு, கொஞ்சம் ஒதுங்கித்தானே ஆகவேண்டும்? ஆர்எக்ஸ்-7எக்ஸில் அச்சைச் சுமார் 24 மில்லிமீட்டர் கீழே இறக்கிவிட்டார்கள். ஐந்து ரூபாய்க் காசின் அகலம். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சிரித்த நண்பர்கள் எனக்கு உண்டு. அச்சு கீழே போய்விட்டால் கண்ணாடி பழையபடி ஒரே வட்டத்தில் ஏறி இறங்க முடியாது. ஏற ஏற அச்சும் கூடவே நகர்ந்து கொடுக்க வேண்டும். அந்தச் சிக்கலான பொறியைப் புதிதாக யோசித்து, மூடும்போது கண்ணாடி ரப்பரில் இம்மியும் பிசகாமல் வந்து உட்காரும்படி செய்திருக்கிறார்கள். எல்லாம் பொட்டில் மேடு பள்ளம் இருக்கக்கூடாது என்பதற்காக.

இந்தப் பிடிவாதத்துக்குக் கணக்கு இருக்கிறது. சோதனைக்கூடத்தில் ஹெல்மெட்டை இரும்பின் மேல் போடும் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 2023-இல் முஜெல்லோ பந்தயத் தடத்தின் நேர்பாதையில் மோட்டோஜிபி வீரர் பிராட் பைண்டர் தொட்டது 366. நடுவில் இருக்கும் அவ்வளவு பெரிய பாக்கியை உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி அடைத்துவிட முடியாது. எங்கும் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே போய்த்தான் கழிக்க வேண்டும். அதனால்தான் ஷெல்லின் வளைவு 75 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையக்கூடாது என்று ஒரு வீட்டுச் சட்டம் வைத்திருக்கிறார்கள். முட்டைக்கு ஏது மூலை?

இது தொப்பிக்காரர்களின் புத்தி என்றே எனக்குத் தோன்றும். நிறுவனர் ஹிரோடாகே அராய் தொப்பி செய்கிற குடும்பத்துக்காரர்; மோட்டார் சைக்கிள் பைத்தியம். ஓடும் ஹார்லியின் இருக்கைமேல் ஏறி நின்றுகொண்டு போகும் அவருடைய பழைய படம் ஒன்று உண்டு. தலையின் அளவு தெரிந்தவரே விழுவதன் ருசியும் அறிந்தவராக இருந்தால் பிறகு வேறு எப்படிச் செய்வார்? இன்றும் அங்கே ஷெல் கையால்தான் உருவாகிறது. சுழலும் அச்சின்மேல் நறுக்கிய இழையைத் தூவித் தூவி ஒரு கூடு கட்டுகிறார்கள். அவர்களே அதைப் பறவைக்கூடு என்றுதான் சொல்கிறார்கள். பிறகு பிசின் ஊற்றிச் சூட்டில் வேகவைக்கிறார்கள். எடையும் தடிமனும் சரிபார்த்த பிறகு, செய்தவரின் கையொப்பம் உள்பக்கம் ஏறுகிறது. தெர்மாகோல் வைத்து மூடியபின் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. கோயில் சிற்பத்தின் முதுகையும் செதுக்கி வைத்தவனின் சாதி இது.

ஏஜிவி ஹெல்மெட் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பிஸ்டா ஜிபி ஆர்ஆரின் கார்பன் நெசவு வெயிலில் மினுங்கும்போது எனக்கும் கண் அங்கேதான் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். பந்தய வீரர் ரோஸ்ஸி 2008-இல் முஜெல்லோவில், தன் முகமே பயந்து அலறுவதுபோல ஹெல்மெட் உச்சியில் வரைந்துகொண்டு வந்தாரே, அந்தக் குறும்புக்கு நானும் அடிமை. அவர் டேங்கோடு டேங்காகக் குனியும்போது எதிரே தெரிவது அந்த அலறல் முகம்தான்! அது ஆல்டோ ட்ரூடியின் தூரிகைக்குச் சேரவேண்டிய பெருமை. நான் பேசுவது பெயின்ட்டைச் சுரண்டினால் மிஞ்சுவதைப் பற்றி. ஷோயி ரசிகர்களோடு எனக்குச் சண்டை இன்னும் குறைவு. அவர்கள் கண்ணாடியை இருட்டில்கூட மாட்டிவிடுவார்கள். அராய்க்குக் கை பழகவேண்டும். பழகாதவன் பக்கவாட்டு மூடியை நெம்பும்போது முகம் கோணிப்போகும். அந்த மூடி கெட்டியாக இருக்கக்கூடாது என்பதுதான் விஷயமே. அடிபட்டால் கழன்று ஓடவேண்டும். மேலே ஒட்டியிருக்கும் காற்றுக்குழாய்களும் அப்படித்தான்.

பந்தய வீரர் மிக் டூஹன் 1994 முதல் 1998 வரை வரிசையாக ஐந்து உலகப் பட்டம் வென்றபோது தலையில் இருந்ததும் அராய்தான். அந்தக் காலத்துப் படங்களில் ஹெல்மெட்டின் உருண்டை எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது பாருங்கள். இப்போதோ பின்னால் வால், வாலுக்குமேல் வால். 300-க்குமேல் போகிறவனுக்குக் கழுத்தைக் காற்று பிடுங்காமலிருக்க அது வேண்டும், சரி. அண்ணாசாலை சிக்னலில் நிற்பவருக்கு எதற்கு? நம் ஊரில் தாடையில் கேமராவுக்கு ஒரு முளையை ஒட்டுகிறார்கள், உச்சியில் ரப்பர் கொம்பு வைக்கிறார்கள், காதோரம் ப்ளூடூத் பெட்டி. அங்கே ஒருவர் பொட்டிலிருந்து ஒரு லேசான தட்டையை நீக்க உழைக்கிறார். இங்கே ஒருவர் இரண்டு பக்கமும் ஒட்டும் பசையால் மூலை முளைக்கவைக்கிறார். இரட்டை டி வளையத்தில் பட்டையைக் கோத்துத் திருப்பி இழுக்கப் பொறுமையில்லாமல், ‘டக்’கென்று பூட்டும் கொக்கிதான் வேண்டும் என்று கேட்பவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

பல வருஷங்களுக்கு முன் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஒரு மதியம். வளைவில் முன்சக்கரம் வழுக்கி அண்ணன் ஒருவர் விழுந்தார். வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நெடுந்தூரம் சறுக்கிக்கொண்டே போனார். எழுந்து நடந்து வந்து கூடாரத்தில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் கேட்காமல் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வலது பக்கத்து மூடியைக் காணோம். “மூடி போயிடுச்சேண்ணே” என்றேன், ஏதோ பெரிய நஷ்டம் போல.

“போகத்தானே வெச்சிருக்கான்” என்றார்.

அதை அவர் மறுபடி போடவில்லை. அடிபட்ட ஹெல்மெட்டைப் போடக்கூடாது என்று நமக்கெல்லாம் தெரியும். இப்போது அவர் வீட்டு அலமாரியில், புத்தகங்களுக்கு நடுவில் இருக்கிறது. போகும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். நெற்றியோரம் தொடங்குகிற கீறல் ஒரு சாண் நீளம். பழைய மாடல்தான், பொட்டில் அந்த லேசான தட்டை வரும் இடத்தில் மட்டும் கீறல் நூலளவு ஆழமாகி, மறுபடி மெலிந்து, பிடரிப்பக்கம் போய் மறைகிறது. அந்த நூலளவு இடத்தில் என் விரல் ஒரு கணம் நிற்கும். அதைத்தான் அவர்கள் பிற்பாடு நிரவினார்கள்.