புறத்துள் அகம்: ஆடம்ஸ் இணையரின் உருசியக் காலத்து எழுத்துகள்

தூதுப் பணியின் பொருட்டு அயல்நாடு சென்றோர் விட்டுச்சென்ற கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வரலாற்றாசிரியர் பெரும்பாலும் சான்றாவணங்களாகவே கொள்வர். அவற்றை இலக்கியமாகக் கொண்டு படிக்குங்கால் வேறொரு சிக்கல் எழுகின்றது. கணவனும் மனைவியும் ஒரே நகரில், ஒரே இல்லத்தில் வாழ்ந்து எழுதியவை இரண்டும் நமக்குக் கிடைக்குமாயின், கணவன் எழுத்தைப் புறம் என்றும் மனைவி எழுத்தை அகம் என்றும் பிரித்துவிட நம் மனம் விரைகின்றது. (பெயர் சுட்டி வருவன அகமாகா என்பது தொல்காப்பிய நெறி. ஈண்டு இச்சொற்களை வகுப்பறை வழக்கின் நெகிழ்ந்த பொருளிலேயே ஆள்கிறோம்.) இப்பகுப்பு எத்துணைப் பொருந்தும் என்பதை ஜான் குவின்சி ஆடம்ஸ், லூயிசா கேதரின் ஆடம்ஸ் ஆகிய இருவரின் எழுத்துகளைக் கொண்டு நோக்குவோம்.

உருசியப் பேரரசு ஏற்றுக்கொண்ட முதல் அமெரிக்கத் தூதர் ஜான் குவின்சி ஆடம்ஸ். 1809 ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து கப்பலேறிய இவர்கள் அக்டோபரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தனர். உடன் சென்றவன் இரண்டு வயது நிரம்பும் நிலையிலிருந்த இளைய மகன் சார்லஸ் பிரான்சிஸ். மூத்த மைந்தர் இருவரும் தாய்நாட்டிலேயே விடப்பட்டனர். தாயைக் கலவாமலே அம்முடிவு எடுக்கப்பட்டது என்பதை லூயிசா பிற்காலத்து நினைவெழுத்தில் ஆறாத மனத்துடன் பதிவுசெய்கிறார்.

கணவரின் நாட்குறிப்பு அளவால் வியப்பூட்டுவது. 1779இல் பன்னிரண்டு வயதில் தொடங்கி 1848இல் இறக்கும் வரை எழுதியது 51 தொகுதிகளாக உள்ளது. பீட்டர்ஸ்பர்க் பகுதிகளில் நேவா ஆற்றங்கரை நடையின்போது எதிர்ப்பட்ட பேரரசர் முதலாம் அலெக்சாந்தருடன் நிகழ்த்திய உரையாடல்கள், அமைச்சர் ருமியான்சேவுடனான சந்திப்புகள், எடையளவு முறைகள் பற்றிய ஆராய்ச்சி ஆகியன நிரல்பட வருகின்றன. ஆண்டுக்கு 9,000 டாலர் ஊதியத்தில் ஆடம்பர அரசவையின் நடுவே வாழ நேர்ந்த கவலையும் உண்டு. இவை புறமே. எனினும் 1812 ஆகஸ்டு, செப்டம்பர் மாதப் பதிவுகளைப் படிப்போர் இந்நாட்குறிப்பைப் புறம் என்று மட்டும் சொல்லி அமைய இயலாது. பீட்டர்ஸ்பர்க்கில் 1811 ஆகஸ்டில் பிறந்த ஒரே மகள் நோயுற்றுக் கிடக்கிறாள். நெப்போலியன் மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருக்கிறான். தூதர் இரண்டையும் எழுதுகிறார். செப்டம்பர் 14இல் பிரெஞ்சுப் படை மாஸ்கோவினுள் நுழைந்தது. மறுநாள் குழந்தை இறந்தது. உலக வரலாற்றின் பெருநிகழ்வொன்று ஒரு தந்தையின் துயரத்திற்குப் பின்புலமாகச் சுருங்கிவிடுவதை ஈண்டுக் காண்கிறோம்.

அவ்வாறாயின், அவரை உணர்வு வறண்ட மனிதராக நாம் எண்ணப் பழகியது எதனால்? அவருடைய இயல்பு ஒரு காரணம், பதிப்பு மற்றொன்று. 1874 முதல் 1877 வரை பன்னிரண்டு தொகுதிகளாக இந்நாட்குறிப்பின் தேர்ந்த பகுதிகளை வெளியிட்டவர் மகன் சார்லஸ் பிரான்சிஸ். பொதுவாழ்வுக்குரியதை முதன்மைப்படுத்தி, அன்றாட இல்வாழ்க்கைச் செய்திகளில் பெரும்பகுதியை அவர் விலக்கினார். அகத்தைக் களைந்த ஒரு பதிப்பைக் கொண்டு, ஆசிரியரிடம் அகமே இல்லை என்று முடிவுகட்டுவது முறையாகாது. பதிப்பு வரலாறு அறியாத திறனாய்வு இவ்வாறே வழுக்கும்.

லூயிசாவின் பீட்டர்ஸ்பர்க் நாட்குறிப்பு மகள் இறந்த மறுமாதம் தொடங்குகிறது. தன்னையே பழித்துக்கொள்ளலும், தான் இறந்தால் மகளின் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்ற விழைவும் அதில் நிறைந்துள்ளன. இதனை அகம் என்பதில் தடையில்லை. ஆனால் அவருடைய சிறந்த படைப்பு இதுவன்று.

1814 ஏப்ரலில் கணவர் அமைதிப் பேச்சுக்காகப் பீட்டர்ஸ்பர்க்கை விட்டு நீங்கினார். டிசம்பர் 24இல் கென்ட் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. வீட்டைக் கலைத்துப் பொருள்களை விற்றுப் பாரிசுக்கு வருமாறு அவரிடமிருந்து கடிதம் வந்தது. 1815 பிப்ரவரி 12, தம் நாற்பதாம் பிறந்தநாளன்று, ஏழு வயது மகனுடனும் பணியாளருடனும் லூயிசா புறப்பட்டார். உறைபனியில் சறுக்குவண்டியாகத் தொடங்கிய பயணம் ஏறத்தாழ 40 நாள் நீடித்தது. ஹனாவ் போர்க்களத்தில் மாண்டோரின் எச்சங்கள் இன்னும் கிடந்தன. நெப்போலியன் மீண்டுவிட்டான் என்ற செய்தி கேட்டு பிராங்பர்ட்டில் பணியாளர் விலகினர். பிரான்சினுள் அவருடைய உருசிய வண்டியைக் கண்டு, நெப்போலியனின் காவற்படையினரைச் சூழ்ந்திருந்த கூட்டம் கொலைவெறி கொண்டது. தாம் அமெரிக்கத் தூதரின் மனைவி என்று எடுத்துரைத்தும், நெப்போலியன் வாழ்க என்று பிரெஞ்சு மொழியில் முழங்கியும் அவர் உயிர் பிழைத்தார். சிறுவயதில் நான்த் நகரில் கற்ற மொழி அது.

இப்பயண உரையை அவர் எழுதியது 1836இல், இருபத்தோராண்டு கழித்து. பயணத்தின்போது நாட்குறிப்பு எழுதாததற்கு வருந்தியே உரையைத் தொடங்குகிறார். நாள், இடம் ஆகியவற்றில் தெளிவின்மை உண்டு. வரலாற்றாசிரியர்க்கு இது குறை. நமக்கோ, பெண்ணின் ஆற்றலைப் பிறர்க்கு உணர்த்த வேண்டும் என்னும் தெளிந்த நோக்கத்தோடு செறிவுற அமைக்கப்பட்ட படைப்பாக அது தோன்றுகிறது. படை, எல்லை, கடவுச்சீட்டு, கூட்டத்தின் சீற்றம் எனப் பொருள் முற்றும் புறமே. கணவரின் அன்றன்றைய குறிப்பில் அகம் தன்னியல்பாகக் கசிகிறது. மனைவியின் பிற்காலப் பயண உரையிலோ புறம் எண்ணித் திட்டமிட்டு எழுப்பப்படுகிறது. ஆகவே இவ்விரு எழுத்துகளையும் ஆண், பெண் என்னும் அளவுகோலால் பிரிப்பதினும், நிகழ்வுக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட காலத்தால் பிரிப்பதே பொருத்தம் என்பது நம் கருத்து.

இவ்வுரை 1903இல்தான் ஓர் அமெரிக்க இதழில் அச்சேறியது. வெளியிட்டவர் பேரன் புரூக்ஸ் ஆடம்ஸ். லூயிசாவின் நாட்குறிப்புகளும் தன்வரலாற்று எழுத்துகளும் இரு தொகுதிகளாக 2013இல் வெளிவந்தன. தந்தையின் பன்னிரண்டு தொகுதிகளைப் பதிப்பித்த சார்லஸ் பிரான்சிஸ், கொலைவெறி கொண்ட அக்கூட்டத்தின் நடுவே தாயருகில் அமர்ந்திருந்த சிறுவனே என்பதையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். 1815 மார்ச் 23 இரவில் அவ்வண்டி பாரிஸ் வந்தடைந்ததைக் கணவரும் எழுதியிருக்கிறார். நாடகம் பார்த்துத் திரும்பிய செய்தியோடு சேர்த்து, சில வரிகளில்.